கல்யாணச் செலவு: யார் போட வேண்டிய கணக்கு?

1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஒரு திருமணத்துக்கு ஆன செலவு எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு விசாரித்தன. அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் அது. சொத்துக் குவிப்பு வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன தொகை 6 கோடி ரூபாய்க்கு மேல். 2014இல் பெங்களூரு தனி நீதிமன்றம் 3 கோடி என்று எடுத்துக்கொண்டது. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் 30 லட்சத்துக்கும் குறைவு என்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. பந்தலுக்குப் பணம் கொடுத்தது யார், பெண் வீட்டார் ஏற்றது எவ்வளவு, மற்றவர்கள் தாமாகச் செய்தது எவ்வளவு என்பதில்தான் இழுபறி.

அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தக் குழப்பம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அப்பா பிஎஃப்பிலிருந்து எடுத்தது, அம்மா நகைச்சீட்டில் கட்டியது, அண்ணன் வாங்கிய தனிநபர் கடன், தாய்மாமன் சீர், பெண் தன் சம்பளத்தில் கொடுத்த மேக்கப் அட்வான்ஸ், மாப்பிள்ளை கிரெடிட் கார்டில் வாங்கிய கோட்டு சூட்டு என்று பணம் பல பைகளிலிருந்து வருகிறது. எல்லாம் ஒரே தாளில் சேர்வதே இல்லை. மொத்தம் எவ்வளவு என்பது கடைசியாகத் தெரியவருவது மணமக்களுக்குத்தான். அதன் பாரத்தோடு குடும்பம் நடத்தப்போவதும் அவர்களே. கல்யாணக் கணக்கை இருவரும் சேர்ந்து, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, ஒரே தாளில் எழுத வேண்டும். அதில் முதல் வரியாக விருந்தினர் எண்ணிக்கை இருக்க வேண்டும். அவரவர் விருந்தினருக்கு அவரவர் வீடு பொறுப்பேற்க வேண்டும். இந்த மூன்றையும் நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

கல்யாணச் செலவு யாருடையது என்பதற்கு இங்கே என்றுமே ஒரே பதில் இருந்ததில்லை. தமிழ்ச் சாதிகள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த வழக்கம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட இருந்தது. பரிசம் போடும் சடங்கு இன்றும் நடக்கிறது. பணம் போகும் திசை மட்டும் திரும்பிவிட்டது. படித்த, மாதச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளைக்குக் கிராக்கி ஏறிய பிறகு, வரதட்சணையை அறியாதிருந்த சாதிகளிலும் அது நுழைந்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது 5 ஆண்டுச் சிறை என்று அது பின்னர் கடுமையாக்கப்பட்டது. இன்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. “உங்க பொண்ணுக்கு நீங்க செய்றத செய்யுங்க” என்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பெண்ணைப் பெற்றவர் போடும் கணக்குக்கு உச்சவரம்பே இல்லாமல் போகிறது.

விருந்தும் மேளமும் பெருகுவதற்கு வேறொரு காரணம் உண்டு. பிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ், சோனால்டே தேசாய் ஆகிய மூவரும் கர்நாடகக் கிராமங்களில் திருமணச் செலவை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல இடத்தில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பம், அந்த இடம் எப்படிப்பட்டது என்று நேரில் அறியாத தன் ஊராருக்கு அதைத் தெரியப்படுத்தவே கொண்டாட்டத்தைப் பெரிதாக்குகிறது என்பது அவர்கள் கண்டது. நம் ஊர்களில் ஃபிளெக்ஸ் பேனரையும் ரிசப்ஷன் மேடையையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. செலவைக் குறை என்று ஒரு தகப்பனாரிடம் வெறுமனே சொன்னால் அவர் காதில் ஏறாததற்குக் காரணமும் அதுவே.

இதற்கு நேரெதிரான மரபும் தமிழ்நாட்டுக்கே உரியது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா அரசு 1967இல் சட்ட ஏற்பு அளித்தது. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினாலும் போதும். ஊரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேல் திருமணங்கள் நடக்கின்றன. அங்கே தாலி கட்டிப் பக்கத்திலேயே சாப்பாடு போட்டு மதியத்துக்குள் ஊர் திரும்புகிறவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். அதன் கட்டணம் ஒரு பெரிய தொகையே அல்ல. ஆக, திருமணம் செல்லுபடியாகத் தேவைப்படும் செலவு மிகச் சிறியது. மீதியெல்லாம் நாமாக விரும்பிச் செய்வது. விரும்பிச் செய்வதில் தவறில்லை. விரும்புவது யார், கட்டுவது யார் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

சட்டம் போட்டு இதைக் கட்டுப்படுத்தவும் முயன்றார்கள். 5 லட்சத்துக்கு மேல் செலவிடும் குடும்பம் அதில் 10 சதவீதத்தை ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தர வேண்டும் என்று மக்களவை உறுப்பினர் ரஞ்சித் ரஞ்சன் கொண்டுவந்த 2016ஆம் ஆண்டுத் தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. 2020இல் கொரோனாவால் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றபோது 50 பேரோடு கல்யாணங்கள் நடந்தன. தடை நீங்கியதும் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. தமிழக அரசின் நிலைப்பாட்டில் வந்த ஒரு மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், பிற்காலத்தில் படித்த பெண்ணுக்குப் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022இல் அதுவே, அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. பெண்ணுக்குச் சேர்க்கும் காசு கல்யாண நாளுக்குப் போக வேண்டுமா, படிப்புக்குப் போக வேண்டுமா என்று ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்ம வயதுப் பெண்கள் மூன்றாண்டு விடுதியில் அடைபட்டு உழைத்தது, முடிவில் கிடைக்கும் ஒரு மொத்தத் தொகையில் கல்யாணம் முடிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். கல்யாணச் செலவின் கனத்தை அந்தப் பிள்ளைகளைவிட யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். “ஐந்நூறு பேர் கல்யாணம்” என்று சொல்லிப் பழகிவிட்டோம். சமையல்காரர் ஆளைக் கணக்கிடுவதில்லை, இலையைக் கணக்கிடுகிறார். 300 பத்திரிகை வைப்பதாகக் கொள்வோம். முந்தைய நாள் மாலை ரிசப்ஷனுக்குப் பத்திரிகைக்கு இருவர் வீதம் 600 பேர் சாப்பிடுவார்கள். இரவு தங்கியவர்களும் விடியலில் வந்தவர்களும் காலை டிபனுக்கு 250 பேர். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 350. ஆக 1,200 இலை. நாதஸ்வரக் குழு, புகைப்படக்காரர்கள், மேடை அலங்காரம் செய்கிறவர்கள், ஓட்டுநர்கள் என்று வேலைக்கு வந்தவர்கள் 40 பேர் மூன்று வேளை சாப்பிட்டால் இன்னும் 120. டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் சராசரியாக இலை 250 ரூபாய் என்று வைத்தால் 3,30,000 ரூபாய்.

இங்கே பெரும்பாலோர் செய்வது பேரம். இலைக்கு 10 ரூபாய் குறைத்துவிட்டால் மனம் நிறைந்துவிடும். மிச்சமாவது 13,200 ரூபாய். அதற்குப் பதில் 50 பத்திரிகையைக் குறைத்துப் பாருங்கள். இரவில் 100 இலை, மதியம் ஒரு 60 இலை குறைந்தாலே 40,000 ரூபாய் மிச்சம். தாம்பூலப் பை குறையும், பந்திக்கு ஆள் குறையும், அடுத்த அளவு சிறிய மண்டபம் போதுமானதாகலாம். பேரம் பேசி வாங்கிய 10 ரூபாயோ பல நேரம் பருப்பிலும் நெய்யிலும் திரும்பப் போய்விடுகிறது. அதனால்தான் தாளின் முதல் வரியில் விருந்தினர் எண்ணிக்கை இருக்க வேண்டும் என்கிறேன். மண்டபம், சாப்பாடு, ஜவுளி, வேன், லாட்ஜ் அறை எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் வருபவை. நடைமுறையில் நாம் முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். பிறகு அந்த மண்டபம் காலியாகத் தெரியக் கூடாதே என்று பத்திரிகை அடிக்கிறோம்.

சாப்பாட்டில் இரண்டு முறைகள் உண்டு. சமையல் மாஸ்டர் எழுதித் தரும் மளிகை லிஸ்ட்டை வீட்டாரே வாங்கிக் கூலி மட்டும் கொடுப்பது பழைய முறை. செலவு குறையும், மிச்ச மளிகை வீட்டுக்கு வரும், ஆனால் ஓடியாட ஆள் வேண்டும். பங்காளிகள் சூழ வாழும் ஊர்களில் இது இன்னும் நடக்கிறது. நகரத்தில் கான்ட்ராக்ட்தான். அதில் கேட்க வேண்டியது இரண்டு: குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கட்டியாக வேண்டும், முடிவில் இலையை எப்படி எண்ணுவார்கள். எண்ணும் பொறுப்பை நிதானமான ஒரு சித்தப்பாவிடம் முன்கூட்டியே ஒப்படைப்பது நல்லது.

மண்டபத்தில் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. மின்சாரம் மீட்டர் ஓட்டப்படி தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, சுத்தம் செய்யக் கட்டணம் தனி, அடுப்புக்கு வணிக சிலிண்டர் தனி, வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சில மண்டபங்களில் அவர்கள் சொல்லும் டெக்கரேஷன்காரரைத்தான் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்ற வருமான வரி விதி 2017இலிருந்து இருக்கிறது. மண்டபமும் கேட்டரிங்கும் வங்கி வழியாகவும் ரசீதோடும் இருந்தால் கணக்குத் தாளும் தானாக நிரம்பும். நாளும் விலையைக் கூட்டும். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் எல்லாவற்றுக்கும் கிராக்கி. பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து கிலோ ஆயிரங்களைத் தொடும் பருவத்தை ஒட்டியே தை முகூர்த்தங்கள் வருகின்றன. மேடைக்கு மல்லிகைச் சரமே வேண்டும் என்பவர்கள் வைகாசியில் நாள் பார்க்கலாம்.

நகைதான் இந்தக் கணக்கை அடியோடு புரட்டிப்போடுவது. 2025 ஜனவரியில் சென்னையில் தங்கம் பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அந்த அக்டோபரிலேயே 90,000ஐத் தாண்டியது. ஜனவரியில் இருபது பவுன் என்று பேசி முடித்து அக்டோபரில் வாங்கப் போன குடும்பத்துக்கு 12 லட்சம் 18 லட்சமானது. ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் மொத்த விருந்துச் செலவைவிட அதிகமான தொகை, யாரும் எதுவும் கூட்டிக் கேட்காமலேயே, ஒன்பது மாதத்தில் ஏறிக்கொண்டது. நகையைப் பவுனில் பேசவே கூடாது. பெண் தன் விருப்பத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு வாங்கிக்கொள்வாள் என்று ரூபாயில் எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணைச் சொல்வது எதிர்வீடு என்றால் அது பட்ஜெட் விவகாரமே இல்லை, சட்ட விவகாரம்.

“தங்கம் செலவில்லை, சேமிப்பு” என்பார்கள். பாதி உண்மை. 90,000 விலையில் 10 பவுன் 9 லட்சம். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்றால் 1,08,000. மொத்தத்துக்கு 3 சதவீத ஜிஎஸ்டி 30,240. அடுத்த நாளே விற்கப் போனாலும் இந்த 1,38,240 ரூபாய் திரும்பி வராது. தாளில் 9 லட்சத்தைச் சேமிப்பு என்று எழுதுங்கள். 1,38,240ஐச் செலவு என்று எழுதுங்கள். வேலைப்பாடு குறைந்த நகையில் சேதாரம் குறைவு என்ற தகவல் அப்போதுதான் பொருளுடையதாகிறது.

அடுத்து மொய். மதுரை, தேனிப் பக்கம் செய்முறை என்பார்கள். “செலவானதில் பாதி மொய்யில் வந்துடும்” என்ற நம்பிக்கையில் கூட்டப்படும் பட்ஜெட்டுகள் ஏராளம். மொய் வருமானம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே நோட்டில் ஏறும் ஒவ்வொரு பெயரும் ஒரு வரவு, ஒரு பற்று. வாங்கியதை அடுத்த விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் உறவே முறியும். கல்யாண மொய்யும் அதன் மென்மையான வடிவமே. அப்பா இருபது, முப்பது ஆண்டாக ஊர்க் கல்யாணங்களில் எழுதியதன் திரும்பல் ஒரு பகுதி. இனி அவர் எழுத வேண்டிய கடன் மறு பகுதி. அந்த நோட்டு அவருடையது. அந்தப் பணத்தை நம்பி மணமக்கள் புகைப்படக்காரருக்கு வாக்குக் கொடுப்பது சரியில்லை.

மொய் நோட்டை இப்படிப் புரிந்துகொண்டால் விருந்தினர் பட்டியல் சண்டையும் புரியும். “இவங்களையெல்லாம் ஏன்ப்பா கூப்பிடணும், நான் பார்த்ததே இல்லையே” என்று மகன் கேட்கிறான். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர் அப்பா. கூப்பிடாமல் விட்டால் ஊரில் தலைகுனிவு அவருக்கு. அவர் கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்கு வேறொருவர் கடன் வாங்கிப் பணம் கட்டுவதுதான் அநியாயம். ஆகவேதான் அவரவர் விருந்தினரின் இலைக்கு அவரவர் பணம் என்ற ஏற்பாடு எனக்கு எல்லாவற்றிலும் நேர்மையானதாகப் படுகிறது. மாப்பிள்ளை வீட்டார் 400 பேரை அழைத்தால் 400 பேரின் செலவு அவர்களுடையது. அந்த 400 பேரின் மொய்யும் அவர்களுடையது. மண்டபம், மேளம், மேடை போன்ற பொதுச் செலவு சரிபாதி. முகூர்த்தம் முழுக்கப் பெண் வீட்டார் பொறுப்பு என்று பழகிய குடும்பங்களில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். சொல்ல வேண்டியவன் மாப்பிள்ளை. பெண் வீட்டார் சொன்னால் பேச்சுவார்த்தையே முறியக்கூடும். அவன் தன் வீட்டில் சொன்னால் இரண்டு நாள் முகம் வாடும், பிறகு ஒத்துவரும்.

எவ்வளவு வரை போகலாம் என்பதைக் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இருவர் சேமிப்பும் சேர்த்து 6 லட்சம், இரு வீட்டாரும் கடன் வாங்காமல் தரக்கூடியது 3 லட்சம் வீதம் 6 லட்சம் என்று கொள்வோம். 12 லட்சம் கையிருப்பு. தனிக்குடித்தனத்துக்கு வீட்டு அட்வான்ஸ், ஃபிரிட்ஜ், கட்டில், பாத்திரத்துக்கு 2 லட்சம். வேலை போனாலோ உடம்புக்கு வந்தாலோ ஆறு மாதம் தாங்க இன்னொரு 2 லட்சம். மீதி 8 லட்சம்தான் உச்சவரம்பு. அதிலும் பத்தில் ஒரு பங்கு எதிர்பாராததற்கு. திட்டமிட வேண்டிய தொகை 7,20,000. இதற்குள் 1,320 இலைக் கல்யாணமும் நகையும் அடங்காது என்று கண்ணுக்குத் தெரியும்போதுதான் எதை விடுவது என்ற உண்மையான பேச்சு தொடங்குகிறது. முகூர்த்தத்தன்று மதியமே எல்லோருக்கும் விருந்து என்று வைத்து மாலை ரிசப்ஷனை விடலாம். காஞ்சிபுரம் பட்டு ஒன்றோடு நிறுத்தலாம். எல்லாச் சம்பந்தி உறவுக்கும் ஜவுளி எடுப்பதை இரு வீடும் பேசி நிறுத்தலாம். ஒரு வீடு மட்டும் நிறுத்த முடியாது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் வட்டியை ரூபாயில் எழுதிப் பாருங்கள். வங்கியில் 5 லட்சம், 14 சதவீதம், மூன்றாண்டு என்றால் மாதத் தவணை சுமார் 17,100, மூன்றாண்டில் தீரும். அதே 5 லட்சத்தைத் தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 15,000, அதுவும் வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். இரண்டாவது வழியில் கையெழுத்து எளிது என்பதற்காக அதில் விழுந்தவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். பிஎஃப் பணம் அப்பாவின் முதுமைக்கானது. அதைக் கல்யாணத்துக்கு எடுத்தால் பத்து ஆண்டு கழித்து அவர் மருத்துவச் செலவு மணமக்களிடமே வரும். வீட்டில் தங்கையோ தம்பியோ இருந்தால் பெற்றோரின் கையிருப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மூத்த பிள்ளை தானாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பேச்சு எப்போது? பார்த்து முடிக்கும் திருமணமானால், இரு வீட்டுக்கும் பிடித்துப்போய்ப் போன் எண் மாறிய முதல் வாரங்களில். சம்பளம், கல்விக் கடன் பாக்கி, வண்டித் தவணை, மாதாமாதம் வீட்டுக்குக் கொடுப்பது என எல்லாவற்றையும் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் இயல்பே. கேட்பதற்கு முன் தன் கணக்கைச் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் குறையும்.

அந்தத் தாளில் கடைசியாக ஒரு பக்கம் சேர்க்க வேண்டியிருக்கிறது. திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதிவைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன: என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தது யார், என்ன உறவு, கீழே இருவர் கையெழுத்து. பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடமும் மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியல் அவரிடமும் இருக்க வேண்டும். மொய்யை வரி விடாமல் எழுதும் நம் குடும்பங்களில் இதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. நகைப் பெட்டி மாமியார் பீரோவுக்குப் போய்விட்ட வீடுகளில், பெண்ணுக்குச் சொந்தமானது எது என்று சொல்ல அவளிடம் வேறு ஆதாரம் இருப்பதில்லை. மறுவீடு முடிந்து வந்த வாரத்தில், எல்லாம் நினைவில் இருக்கும்போதே, இருவரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் போதும்.